ஏழு கத்தரிக்கும் ஒரே வியாதி

அந்த வீட்டில் பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கிழிப்பார்கள்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அவள் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, சுவர் ஆணியில் பளபளவென்று தொங்கிய கத்தரியை எடுத்துப் பாக்கெட்டின் மூலையில் வைத்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்த புது மாப்பிள்ளை வாய் நிறைய நுரையோடு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஆசையில் பிடிக்கிறார் என்று நினைத்து அவள் வெட்கப்படக்கூடச் செய்தாள்.

நுரையைத் துப்பிவிட்டு வந்து, "அது தொழில் கத்தரி," என்றார் அவர். "முடியைத் தவிர எதையும் வெட்டக் கூடாது. பேப்பர், நூல், பிளாஸ்டிக் எதுவும். ஒரே ஒரு தடவை வெட்டினாலும் அதோட முடிஞ்சுது."

"அப்ப பாலு?"

"பல்லு இருக்குல்ல."

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. சமையலுக்கென்று அவள் ஒருமுறை தனிக் கத்தரி வாங்கி வந்தாள். அவசரத்தில் மாறிப் போய்விடும் என்று அதையும் அன்றைக்கே வெளியேற்றினார். அவள் முன்பல் ஒன்றின் ஓரம் லேசாக உடைந்திருக்கும். சிரிக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்.

அவர் இடதுகைக்காரர். தெருவில் எல்லோரும் அவரை 'லெஃப்ட்டு' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவருடைய சலூன் பெயர்ப் பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. அவள் ஸ்டோரம்மா. அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். கடை முன்னால், வீடு பின்னால், இரண்டுக்கும் நடுவில் ஓர் இருட்டு ஸ்டோர் அறை. நாலு பக்கமும் தட்டு அடித்த அந்த அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். முடி வெட்டுவது ஒன்றைத் தவிர அந்தக் கடையின் மற்ற எல்லாமே அங்கிருந்துதான் நடந்தது.

சீப்பு விற்க வருகிறவர்கள் அவளைக் கண்டால் பயப்படுவார்கள். நிறமும் பளபளப்பும் பார்க்க மாட்டாள். சீப்பை வாங்கி, முழங்கைக்கு உள்பக்கம் மெல்லிய தோலில் ஓர் இழு இழுப்பாள். வெள்ளைக் கோடு விழுந்தால், "பல்லு நடுவுல பிசிறு இருக்கு. ஒரு மாசத்துல வர்றவங்க தலையெல்லாம் சொறிவாங்க," என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். துண்டு என்றால் ஒன்றுதான் வாங்குவாள். அதை மூன்று முறை துவைத்து, பிழிந்து, முகத்தில் ஒற்றிப் பார்த்து, அப்புறம்தான் இரண்டு டஜன். சவர பிரஷ்ஷை ஈரத்தோடு நிற்க வைக்க மாட்டாள். முடி கீழே தொங்கும்படி மாட்டுவாள், இல்லாவிட்டால் தண்ணீர் வேருக்கு இறங்கிக் கட்டு கட்டாக உதிரும். தினமும் மாலையில் முடி வெட்டும் மெஷினைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் முடித் தூசி தட்டி, பற்களுக்கு நடுவில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிடுவாள்.

"இருமுது. திருகாணி தளர்ந்திருக்கு."

"மெஷின் இருமுறது உனக்குக் கேக்குது. நான் இருமினா கேக்க மாட்டேங்குது," என்பார் லெஃப்ட்டு.

"நீங்க இருமுறது பீடியில. அதுக்கு எண்ணெய் விட முடியாது."

மழைக்காலம் வந்தால் அவளுக்கு இரட்டை வேலை. துண்டு காயாது, இரும்பு வேர்க்கும். கத்தரிப் பெட்டிக்குள் சாக்பீஸ் துண்டுகளைப் போட்டு வைப்பாள், ஈரத்தை அது குடித்துவிடும். அந்த வருஷம் மழை கொஞ்சம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. அப்படிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கடையில் 'டணங்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கத்தரி தரையில் கிடந்தது. நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். லெஃப்ட்டு இடது கையை வலது கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்தபடி நின்றார்.

அந்த மாதத்தில் தரை ஓட்டில் அது மூன்றாவது வடு. ஸ்டோரம்மா எண்ணி வைத்திருந்தாள்.

டாக்டரிடம் அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் சேருகிற இடத்தில் வீக்கம். டாக்டர் அந்த விரலை மடக்கச் சொன்னார், லெஃப்ட்டு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்ன வேலை?"

"முடி வெட்டறேன்."

"இதே மாதிரி வெட்டிக்கிட்டிருந்தா இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் டம்ளர் பிடிக்கக்கூட வலது கைதான்."

கேட்டுவிட்டு வந்த லெஃப்ட்டு இரண்டு நாள் களிம்பு தடவித் தடவி வெட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷன். அவர் கடைக் களிம்பில் பாதி லெஃப்ட்டின் கட்டைவிரலில்தான் போயிருந்தது, அதனால் விஷயம் அவருக்கு முன்பே தெரியும்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்று ஆரம்பித்தார். "ஒரு டாக்டரை உக்கார வைக்க எனக்கு இடம் வேணும். உங்க கடைக்கும் என் கடைக்கும் நடுச் சுவரை எடுத்தா ஒரே ஹாலாயிடும். பின்னால வீடு உங்களோடதாவே இருக்கட்டும். நீங்க என் கல்லாவுல உக்காருங்க. உக்காந்த வேலை. விரலுக்கு ஓய்வு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் லெஃப்ட்டு. யோசித்து முடித்துவிட்ட குரல் அது. நடு அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸ்டோரம்மாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அவர் கல்லாவில் உட்காருவார். அவளுடைய நாலு தட்டுகளும் இருமல் மருந்து அடுக்கப் போகும். அவள் எங்கே உட்காருவாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடை என்றால் அவருடைய கடை என்றுதானே எல்லோருக்கும் நினைப்பு.

வியாழக்கிழமை சாணைக்காரன் வந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக மொபெட்டில் வருவான். பின்னால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மெஷினும் கல்லும் தோல்பட்டையும். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் கத்தரி விஷயத்தில் யார் சொல்லும் எடுபடாது. பின்வாசலில் மொபெட்டை நிறுத்தி, அங்கேயே குந்தி வேலை செய்து, அங்கேயே டீ குடித்து, அப்படியே போய்விடுவான்.

அவள் கத்தரியை நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, போன தடவைதானே பிடிச்சேன். கூர் அப்படியே இருக்கு. எதுக்குத் திரும்ப?"

"இழுக்குதுங்கறாரு."

"இழுக்கவே கூடாது." பையிலிருந்து மெல்லிய காகிதம் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தான். வலது கையால் கத்தரியைப் பிடித்து அந்த ஈரக் காகிதத்தில் மெதுவாக ஓட்டினான். வெண்ணெயில் போவது போல் போயிற்று. அந்த வீட்டில் தொழில் கத்தரியால் காகிதம் வெட்ட அனுமதி உள்ள ஒரே மனுஷன் அவன். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள்.

"பாத்தீங்களா? கத்தரி நல்லாருக்கு. திருகாணி பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. யாரோ ரொம்ப இறுக்கியிருக்காங்க. இதுக்கு முன்னாடி வச்சிருந்தது என்னாச்சு?"

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். அவள் வந்த பிறகு வாங்கி, கடைக்கு உழைத்து ஓய்ந்த கத்தரிகள் அதில் இருந்தன, ஏழு. எதையும் தூக்கிப் போட அவளுக்கு மனசு வராது. ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணி சுற்றி வைத்திருந்தாள். சாணைக்காரன் ஏழையும் வாசற்படியில் வரிசையாகப் படுக்க வைத்தான். ஒவ்வொன்றாகத் திறந்தான், மூடினான், வெளிச்சத்தில் சாய்த்தான்.

"அக்கா, இது வேற வேற கத்தரியா?"

"ஏழு வேற ஏழு. மூணு உள்ளூரு, மூணு வெளியூரு, இந்த நீளமானது என் தம்பி எங்கிருந்தோ வாங்கிட்டு வந்தது."

"ஏழுலயும் ஒரே இடத்துல தேய்மானம். ஒரே மாதிரி இறுக்கு." அவன் தலையைச் சொறிந்தான். "ஏழு கத்தரிக்கும் ஒரே வியாதின்னா, வியாதி கத்தரிக்கு இல்லைக்கா. அண்ணன் எந்தக் கையால வெட்டறாரு?"

அவள் சிரித்தேவிட்டாள். "அவரு பேரே லெஃப்ட்டு, தம்பி."

"நான் அவரு வெட்டிப் பாத்ததேயில்லையே. பின்வாசல்ல வந்து பின்வாசல்ல போறவன். லெஃப்ட்டுன்னா ஏதோ ஃபுட்பால்ல பேரு வாங்கினவருன்னு நினைச்சேன்."

பிறகு அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கத்தரியின் இரண்டு தகடுகள் போல் வைத்துக் காட்டினான். முடி வெட்டுப்படுவது கூரினால் மட்டும் அல்ல, இரண்டு தகடும் ஒன்றோடு ஒன்று உரசுவதால். இந்தக் கத்தரியெல்லாம் வலது கைக்குச் செய்தது. வலது கையில் பிடித்தால், விரல் போகிற இயல்பான போக்கே தகடுகளை நெருக்கிக் கொடுக்கும். இடது கையில் பிடித்தால் அதே போக்கு தகடுகளைப் பிரித்துவிடும். முடி நடுவில் மடியும். அதைத் தடுக்க இடதுகைக்காரன் என்ன செய்வான்? திருகாணியை இறுக்குவான். அதோடு கட்டைவிரலை ஒவ்வொரு வெட்டுக்கும் உள்பக்கமாக இழுத்துப் பிடிப்பான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தலை, எத்தனை வெட்டு. விரல் எப்படிக்கா தாங்கும்?"

ஸ்டோரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீப்பின் பிசிறைத் தோலில் கண்டுபிடிக்கிறவள், மெஷின் இருமுவதைக் காதில் கண்டுபிடிக்கிறவள், ஏழு கத்தரியையும் துடைத்துத் துடைத்து வைத்தவள், இதைப் பார்க்கவில்லை. டப்பாவில் ஏழு, கடையில் ஒன்று, எட்டுக் கத்தரியும் அவள் பார்த்துச் சரி சொன்னவை. ஒவ்வொன்றையும் அவள் தன் வலது கையால்தான் ஓட்டிப் பார்த்துக் கடைக்குள் விட்டாள்.

"இடது கைக்குன்னு கத்தரி இருக்கா தம்பி?"

"ஏன் இல்லாம? என் பெட்டியிலேயே ஒண்ணு நாலு வருஷமா தூங்குது. வாங்கிட்டு வரச் சொல்லிட்டு ஒருத்தர் வேணாம்னுட்டாரு." அவன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தோலுறையை எடுத்தான். "வச்சிருங்க. ஞாயித்துக்கிழமை இந்த வழியாத்தான் திரும்பிப் போவேன். பிடிச்சா பேசிக்கலாம், இல்லைன்னா குடுத்துருங்க."

லெஃப்ட்டு அதைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டின்போது சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அவள் வைத்த உறையை ஏதோ பூச்சியைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"இதெல்லாம் விளையாட்டுச் சாமான். இடது கத்தரி இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே?"

"தொழில் கத்துக்கப் போன அன்னிக்கே. இடது கைன்னதும் முதலாளி, போயிட்டு வாப்பான்னுட்டாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வலது கத்தரியைக் குடுங்க, உங்க வலது கைக்காரனைவிட நல்லா வெட்டலைன்னா போயிடறேன்னேன். வெட்டிக் காட்டினேன். இன்னிக்கு வரைக்கும் வெட்டறேன்."

"வெட்டறீங்க. கீழேயும் போடறீங்க."

"அது வயசு."

"நாப்பத்தாறு ஒரு வயசா? உங்க வயசுக்காரங்க ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிறாங்க."

"பொண்ணு பாத்து வச்சிருக்கியா?"

"கட்டைவிரல் இல்லாத மாப்பிள்ளைக்கு யாரு தருவா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி இறங்கி வந்துவிட்டார் என்று அர்த்தம். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. வாடிக்கையாளர் தலையில் சோதனை கூடாது. அவள் தம்பி தலையில் வேண்டுமானால் பார்க்கலாம். தம்பி பஸ் ஓட்டுகிறவன், வேலை நேரம் முழுக்கத் தொப்பி போடுகிறவன்.

வெள்ளிக்கிழமை மதியம் தம்பி வந்து நாற்காலியில் சாய்ந்தான். தலை நிறையக் காடு.

"மாமா, என் தலையில எலி சோதனைன்னு அக்கா சொன்னா. சோறு உண்டாமே?"

"முட்டைக் குழம்பு," என்றாள் ஸ்டோரம்மா.

"அப்ப ரெண்டு காதையும் விட்டுட்டு மத்ததை எடுத்துக்கோங்க."

லெஃப்ட்டு துணி போர்த்தினார். கழுத்தில் காகிதப் பட்டை சுற்றினார். தண்ணீர் அடித்து, சீப்பால் முடியைத் தூக்கி, புதுக் கத்தரியைத் திறந்தார். அவள் குனிந்து கத்தரி முனையைப் பார்த்தாள்.

முடி வெட்டுப்படவில்லை. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் துணி போல் மடிந்து மாட்டிக்கொண்டது. அவர் விடுவித்து மறுபடி வைத்தார். மறுபடி மடிந்தது. மூன்றாவது முறை தம்பி நாற்காலியோடு நிமிர்ந்தான்.

"மாமா, வெட்டறீங்களா பிடுங்கறீங்களா?"

"கொஞ்சம் சும்மா இரு மாப்ள."

"சும்மாதான் இருந்தேன். முடிதான் எழுந்துக்குது."

பத்து நிமிஷம் போராடிவிட்டு லெஃப்ட்டு கத்தரியைத் துடைத்தார். எவ்வளவு கோபமிருந்தாலும் துடைக்காமல் வைக்க மாட்டார். உறையில் போட்டு மனைவியிடம் நீட்டினார்.

"ஒரிஜினல் லெஃப்ட்டு கத்தரி. ஒரிஜினல் லெஃப்ட்டுக்கே வெட்டல. இதைவிட உன் பல்லு மேல்."

மீதித் தலையைப் பழைய கத்தரியால் முடித்தார். முடிக்கும்போது நெற்றி வேர்த்திருந்தது. தம்பி போன பிறகு, மருந்துக்கடைக்காரருக்குச் சரி சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். கோபமில்லாமல், சலிப்பில்லாமல், மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே அடை மழை. தெருவில் ஈ காக்காய் இல்லை. ஸ்டோரம்மா நடு அறையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். சாணைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும் முன் அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. துடைத்தாள், எண்ணெய் விட்டாள். அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. பெட்டியிலிருந்து தன் சவுரி முடியை எடுத்து ஆணியில் தொங்கவிட்டாள். முடிதானே, விதிமீறல் இல்லை. வலது கையால் ஒரு வெட்டு வைத்தாள். மடிந்தது. நேற்று அவருக்கு மடிந்தது போலவே.

கத்தரியை இடது கைக்கு மாற்றினாள். வாழ்நாளில் அந்தக் கையால் அவள் ஒரு ஸ்பூனைக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. விரலை எப்படி வைப்பது என்றே தெரியவில்லை. ஏதோ ஒன்று என்று மாட்டிக்கொண்டு, அசட்டுத்தனமாக ஒரு வெட்டு வெட்டினாள்.

ஒரு விரற்கடை முடி சத்தமில்லாமல் மடியில் விழுந்தது.

அவள் அதை எடுத்து நுனியைப் பார்த்தாள், பிசிறில்லை. பிறகு சவுரியையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள். லெஃப்ட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியின் முதுகில் அவள் சவுரியைக் கட்டினாள்.

"இங்க பாருங்க." வெட்டினாள். விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது.

"இடது கையிலயா வெட்டற?"

"ஆமா. ஒண்ணும் தெரியாத கைக்கு வெட்டுது. எல்லாம் தெரிஞ்ச கைக்கு வெட்டல. ஏன்னு யோசிங்க."

அவர் எழுந்து வந்தார். கத்தரியை வாங்கினார். சவுரியில் வைத்தார். மடிந்தது.

"உங்க விரல் உள்ள இழுக்குது," என்றாள் அவள் குனிந்து பார்த்து. "பழைய கத்தரிக்கு இழுத்தாதான் தகடு சேரும். இதுக்கு இழுத்தா பிரியும். இழுக்காதீங்க."

"நான் எங்க இழுக்கறேன்?"

"இதோ."

"அது இழுக்கறது இல்ல. பிடிக்கறது."

"சரி, பிடிக்காதீங்க."

"பிடிக்காம எப்படிடீ வெட்டறது?"

விரலைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். பார்க்கப் பார்க்க விரல் இன்னும் உள்ளே போயிற்று. அரை மணி நேரத்தில் சவுரி கோழி கிளறிய வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கத்தரி மட்டும் கையிலேயே இருந்தது.

ஸ்டோரம்மா ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தட்டிலிருந்து பிரிக்காத பிளேடு கட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் பவுடர் டப்பா. அப்புறம் படிகாரக் கட்டி.

"அதையெல்லாம் எதுக்கு எடுக்கற?"

"திருப்பிக் குடுக்க. கல்லாவுல உக்காரப் போறவருக்குப் படிகாரம் எதுக்கு?"

"இன்னும் நான் சொல்லவே இல்லையே."

"நாளைக்குச் சொல்லுவீங்க. இன்னிக்கே கட்டி வச்சா நாளைக்கு வேலை மிச்சம்." அவள் சீப்புக் கட்டை எடுத்தாள். "இந்த மஞ்சள் சீப்பையும் சேத்துக் குடுத்துடறேன். உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"யாரு சொன்னா? மஞ்சள் சீப்புதான் கருப்பு முடியில நல்லா தெரியும். கருப்பு சீப்பு வாங்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்."

"நரைச்ச தலைக்குக் கருப்பு சீப்புதான் வேணும்னு போன வருஷம் யாரு கேட்டது?"

"நரைச்ச தலைக்குன்னு தனியா சொன்னேன். எல்லாத் தலைக்கும் சொன்னேனா?" அவர் எழுந்துவிட்டார். வாதம் வந்துவிட்டால் அவருக்கு உட்கார வராது, கை சும்மா இருக்கவும் வராது. "நீ வாங்கற சாமானுக்கு நான் என்னிக்காவது குறை சொல்லியிருக்கேனா?"

"சொல்லலை. கேக்கவும் இல்லை." அவள் பெட்டியை விட்டு நிமிர்ந்தாள். "கடை போனா நீங்க கல்லாவுல உக்காருவீங்க. நான் எங்க உக்காருவேன்னு கேட்டீங்களா? பிரஷ்ஷைத் தலைகீழா மாட்டினது யாரு? மெஷினுக்கு மருத்துவம் பாத்தது யாரு? வர்றவங்க உங்க கையைத்தான் பாக்கறாங்க. அந்தக் கையில இருக்கறதெல்லாம் நான் வச்சது."

"தெரியாமலா இருக்கேன்? ஊர்ல எத்தனை கடையில துண்டு நாறுது, பிளேடு துருப்பிடிக்குது. என் கடைக்கு ஏன் வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாள் நீ இல்லைன்னா எனக்குச் சீப்பு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. அதுக்காக விரல் போன பிறகும் உனக்காகக் கடையைத் திறந்து வச்சிட்டு, வர்றவங்க காதையா வெட்ட முடியும்? நீயே சொல்லு."

ஸ்டோரம்மா சீப்புக் கட்டைக் கீழே வைத்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே அவர் சவுரியை வெட்டிக்கொண்டிருந்தார். சக், சக், சக். தரையில் கருப்பாக ஒரு வரிசை விழுந்து கிடந்தது, ஒரே அளவில்.

அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். உடனே அடுத்த வெட்டு மடிந்தது.

"பாக்காதீங்க," என்றாள் அவள். "பேச்சை நிறுத்தாதீங்க. சண்டை போடுங்க."

"எதைப் பத்தி?"

"என் சமையல்."

"அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்கு."

"என் தம்பி."

"ஆங்," என்றார் லெஃப்ட்டு, குரலில் புது உற்சாகத்தோடு. "உன் தம்பி இருக்கானே, போன மாசம் வாங்கிட்டுப் போன குடையை இன்னும் கொண்டாரல. போன வருஷம் குடை, அதுக்கு முந்தின வருஷம் சைக்கிள் பம்ப்பு…"

சக், சக், சக்.

தம்பி முடிந்தான். அவள் சித்தப்பா முடிந்தார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த டீயில் சர்க்கரை போடாத கதையும் முடிந்தது. மழை விடும்போது சவுரியும் முடிந்திருந்தது. அவருக்கு இப்போது சண்டை தேவைப்படவில்லை. கட்டைவிரலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் வெட்டியிருக்கேன். வலி ஏறவே இல்ல," என்றார் மெதுவாக.

"என் சவுரி போச்சு."

"வாங்கித் தரேன்."

"வேணாம். நீங்க வாங்கினா பிசிறா வாங்குவீங்க. நானே பாத்து வாங்கிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கையில் அளவு நாடாகூட இருந்தது.

"அண்ணே, ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

"உக்காருங்க."

"இல்லை, நின்னுக்கிட்டே…"

"பின்னங்கழுத்துல முடி காலரைத் தாண்டிடுச்சு. டாக்டரை உக்கார வைக்கறவரு இப்படியா இருப்பாரு? உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். துணி போர்த்தப்பட்டது. ஸ்டோரம்மா கொடியில் துண்டு உதறுகிற சாக்கில் பின்வாசலில் நின்றாள், காது மட்டும் கடைக்குள் இருந்தது. தண்ணீர் அடிக்கிற சத்தம். சீப்பு. பிறகு கத்தரி. முதல் வெட்டு. கொஞ்சம் இடைவெளி. அவள் துண்டை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம் லெஃப்ட்டின் குரல் கேட்டது.

"சொல்லுங்க, மழையில வியாபாரம் எப்படி? இருமல் மருந்து நல்லா போகுமே."

சக், சக், சக் என்று சீராக ஓடத் தொடங்கியது. பழைய கத்தரியின் சத்தத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் ஒரு சின்ன முனகல் இருக்கும். கத்தரியின் குணமே அதுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். இதில் அது இல்லை. அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பதில் புரிஞ்சுது அண்ணே," என்றார் எழுந்து. வருத்தம் இருந்தது, ஆனாலும் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "டாக்டரை மாடியில வச்சுக்கறேன். களிம்பு வியாபாரம்தான் படுத்துடும்."

சாணைக்காரன் பத்து மணிக்கு வந்தான். இந்த முறை ஸ்டோரம்மா அவனைக் கடைக்குள் கூட்டிப்போய் லெஃப்ட்டு வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தாள். அவன் கத்தரியைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

"நாலு வருஷமா தூங்கினது முழிச்சிருச்சுக்கா."

"தம்பி, இந்தப் பழசோட திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திக் குடு," என்று லெஃப்ட்டு எட்டாவது கத்தரியை நீட்டினார். சாணைக்காரன் இரண்டு திருகு திருகி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தான்.

அவன் டீக்காகப் பின்வாசலில் காத்திருந்தான். ஸ்டோரம்மா அடுப்பைப் பற்ற வைத்து, பால் பாக்கெட்டை எடுத்து, வழக்கம்போல மூலையை வாய்க்குக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

"விடுங்க, பால் வைக்கணும்."

லெஃப்ட்டு அவள் வலது கையில் அந்தப் பழைய கத்தரியை வைத்தார். வைத்துவிட்டு, பார்க்கத் தைரியம் இல்லாதவர் போல முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெட்டு."

"தொழில் கத்தரிங்க."

"எனக்குத் தொழில் கத்தரி வேற இருக்கு. இது உன் கைக்குச் செஞ்சதுதானே. வெட்டு சீக்கிரம், எனக்கு மனசு மாறிடப் போகுது."

நாக்கு நுனி தானாகவே உடைந்த பல்லின் ஓரத்தைத் தொட்டது. அவள் பாக்கெட்டின் மூலையில் கத்தரியை வைத்தாள். வலது கைக்கு என்று செய்த கத்தரி, வலது கையில். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் பால் பாத்திரத்தில் இறங்கியது.

"ஆச்சா?" என்றார் அவர், சன்னலைப் பார்த்தபடியே.

"ஆச்சு," என்றாள் அவள். சர்க்கரைப் பாக்கெட்டையும் அதிலேயே வெட்டினாள்.